விட்டு விட்டு அக்கா

"போச்சு!"

கூடத்திலிருந்து கிளம்பிய அந்த ஒற்றைச் சொல் சமையலறைக்குள் புகுந்து, அடுக்கி வைத்திருந்த தட்டுகளை ஒருமுறை சிலிர்க்க வைத்துவிட்டு ஓய்ந்தது. தரையில் சின்ன மெத்தை ஒன்றைப் போட்டு, அதில் மண்டியிட்டு, ஃப்ரிட்ஜின் விலாவில் காதை ஒட்டிக் கண்ணை மூடியிருந்த அக்கா, ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"சார்! மொத்தமா போச்சா, தேஞ்சு தேஞ்சு போச்சா?"

"மொத்தமா போச்சும்மா! அவரு ராணிய வெட்ட விரல வச்சேன். வச்ச விரல் வச்சபடி நிக்குது. போச்சு!"

"போறதுக்கு முன்னாடி தும்மினீங்களா?"

"என்னது?"

"தும்மல், இருமல், நாற்காலிய இழுத்தது, கால மாத்திப் போட்டது... எதுனாச்சும் இருக்கா?"

"ஏம்மா, நெட் போறதுக்கும் என் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் எங்க இருக்குன்னு தெரியாமத்தானே சார் என்னை அனுப்பியிருக்காங்க" என்றாள் அக்கா. திறந்த கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் ஃப்ரிட்ஜின் வயிற்றோசையைக் கேட்கத் தொடங்கினாள்.

இணைய நிறுவனத்தில் அவளுக்கு 'விட்டு விட்டு அக்கா' என்று பெயர். அடியோடு செத்துப்போன லைன் என்றால் யாரை வேண்டுமானாலும் அனுப்புவார்கள். ஆனால் புகார்க்காரர், "வருது, போகுது, விட்டு விட்டு வருதுங்க" என்று சொல்லிவிட்டால், மேற்பார்வையாளர் வேறு யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மற்றவர்கள் போய் நின்றால் அந்த லைன் நல்ல பிள்ளையாக வேஷம் போட்டுக்கொண்டு ஒழுங்காக நிற்கும். அவர்கள் தெருமுனை திரும்பியதும் தன் குணத்தைக் காட்டும்.

"செத்தத தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடலாம். இது உசுரோட இருந்துக்கிட்டே உசுர வாங்கற சாதி. மிரட்டினா வெளிய வராது. விட்டுப் பிடிக்கணும்" என்பாள் அக்கா. சொல்லும்போது குரல் தழுதழுக்கும். லைனைப் பற்றிச் சொல்கிறாளா, யாராவது ஓடிப்போன உறவினரைப் பற்றிச் சொல்கிறாளா என்று கேட்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

நிறுவனம் கொடுத்த நீலச் சட்டை ஆண்களுக்குத் தைத்தது. தோள் இரண்டும் அவள் முழங்கையை நோக்கிச் சரிந்திருக்கும். கொண்டையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கும். அதைத் தலையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடும் பழக்கம் உண்டு. மண்டியிட உதவும் அந்த மெத்தை, யாரோ தெருவில் போட்ட சோபாவின் கைப்பிடியிலிருந்து உரித்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மோடத்தின் முன்னால் அதைப் போட்டு உட்கார்ந்து, மோடத்தை ஒரு பார்வை பார்ப்பாள். சிவப்பு விளக்கு எரிந்தால், "ஐயோ, அழுதழுது கண்ணு செவந்து போச்சே தங்கத்துக்கு" என்று உருகுவாள். பச்சை எரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "நடிக்குது" என்பாள்.

கருவிகளை விடக் கேள்விகளைத்தான் அதிகம் எடுப்பாள். யார் எங்கே உட்காருவார்கள், யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, யார் வீட்டுக்கு வந்தால் யார் அறைக்குள் போய்விடுவார்கள், எல்லாம் வேண்டும் அவளுக்கு. ஒரு கல்யாணத் தரகர் கூட இவ்வளவு கேட்கமாட்டார். கேட்ட கேள்விகள் வீண் போனதும் இல்லை. ஒரு வீட்டில், யாராவது குளித்துக்கொண்டிருந்தால் மட்டுமே நெட் வரும் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. பரீட்சை நேரத்தில் மகன் பாடம் பார்ப்பதற்காக அந்த வீட்டுத் தகப்பனார் நாள் முழுக்கக் குளித்து ஜலதோஷம் பிடித்துக் கிடந்தார். போய்ப் பார்த்தால், மோடமும் குளியலறை விளக்கும் ஒரே சுவிட்ச். இன்னொரு வீட்டில், மனைவி பாலைச் சூடாக்க மைக்ரோவேவைத் திருகும்போதெல்லாம் கணவரின் அலுவலகக் கூட்டம் அவர் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். "பால வேற வேளையில குடிங்க, இல்ல வேலைய வேற ரூம்ல பாருங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தாள்.

அவளுக்கு ஒரு சத்தியம் உண்டு. பழுது என்ன என்று சொல்வாள். யார் என்று சொல்லமாட்டாள். "லைன் ஒட்டணும்னு வந்துட்டு குடும்பத்த பிரிச்சுட்டுப் போகக்கூடாதுல்ல?"

இத்தனை புகழும் அவள் வீட்டு வாசலோடு நின்றுவிடும். தையற்காரரான அவள் கணவர், தங்கள் வீட்டு நெட்டும் விட்டு விட்டுத்தான் வருகிறது என்று பலநாள் புலம்பிப் பார்த்தார். "வீட்டு கேஸ் எடுக்கறதில்ல. ஆபீசுல முறைப்படி கம்ப்ளெயிண்ட் போடுங்க, வரேன்" என்றாள் அக்கா. அவர் முறைப்படி போட்டார். நிறுவனம் வேறொருவரை அனுப்பியது. வந்தவர் சரிசெய்துவிட்டும் போனார். அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை.

இப்போது அவள் மண்டியிட்டிருக்கும் வீடு, ஓய்வு பெற்ற ஒரு விளையாட்டு ஆசிரியருடையது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த பிறகும் பள்ளிக்கூடம் அவரை விட்டு வெளியே போகவில்லை. எல்லோருக்கும் அவர் இன்னமும் மாஸ்டர்தான். ஊரில் எங்கே பந்தாட்டம் நடந்தாலும் நடுவராக நின்றவர். விசில் இல்லாவிட்டாலும் தொண்டையே போதும் அவருக்கு. மனைவி, மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள். வீட்டில் அவரும், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மகனும், புதிதாக வந்த மருமகளும்.

மாஸ்டருக்கும் மருமகளின் அப்பாவுக்கும் கல்யாணப் பேச்சு நடந்தபோதே சதுரங்கப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் முடிந்ததும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரவர் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் ஆடத் தொடங்கினார்கள். ஆட்டம் சூடு பிடிக்கும். மாஸ்டரின் கை ஓங்கும். அப்போது பார்த்து நெட் போகும். அது திரும்பி வருவதற்குள் மாஸ்டரின் நேரம் கரைந்து, திரையில் சம்பந்தி ஜெயித்துவிட்டதாக எழுத்து மின்னும். ஒரு நாள் போனால் தற்செயல். நாள் தவறாமல் போனால்?

"ஃபவுல்!" என்று முடிவு கட்டிவிட்டார் மாஸ்டர். "தோக்கற நேரம் வந்தா அந்த மனுஷன் எதையோ அமுக்கறாரு. அவர்கிட்ட ஏதோ பட்டன் இருக்கு."

பட்டன் விவகாரம் போன வாரம் முற்றிவிட்டது. தொலைபேசியில் சம்பந்தியை அழைத்து, "ஆட்டத்துலயே இப்படின்னா, நீங்க வேற எதுல நேர்மையா இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டார் மாஸ்டர். சம்பந்தி போனை வைத்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்திக்குப் பிறந்தநாள். அதற்கு இந்த வீட்டிலிருந்து யாரும் போகக் கூடாது என்பது மாஸ்டரின் கடைசித் தீர்ப்பு. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் அந்தச் சின்னப் பெண் கண்ணீரும் கம்பலையுமாக நின்றாள். அக்காவுக்குக் கதவைத் திறந்துவிட்டபோதே அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. அக்கா அதையும் ஒரு சிவப்பு விளக்காகக் குறித்துக்கொண்டாள்.

ஆனால் அக்கா எடுத்த எடுப்பில் தப்பாகத்தான் போனாள். மோடத்தின் அடாப்டரை மாற்றினாள், பயனில்லை. பிறகு ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கும் நேரத்தில் கரண்டு துடிக்கிறது என்று பிடித்துக்கொண்டாள். "நூத்துக்கு நூறு ஃப்ரிட்ஜ்தான் சார். எழுதி வேணா தரேன்" என்று அதன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். "சம்பந்தியோட இன்னொரு ஆட்டம் போடுங்க. இப்ப போகுதா பாப்போம்."

போன வாரச் சண்டைக்குப் பிறகு பலமுறை அழைத்தும் எடுக்காமல் இருந்த சம்பந்தி, அன்று ஏனோ இரண்டாவது ஆட்டத்துக்கும் உடனே வந்தார். மாஸ்டர் சிப்பாயை நகர்த்தினார். ஃப்ரிட்ஜின் அடியிலிருந்து பனிக்கட்டி உருகி, தண்ணீர் சமையலறைத் தரையில் நிதானமாக நடை போட்டு அக்காவின் மெத்தையை நனைத்தது. அக்கா எழுந்து, ஈரமான முழங்காலோடு நடைவழியில் போய் நின்றாள். சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டி, கண்களை மூடினாள். எதையும் தேடவில்லை. வீடு தானாகப் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

கூடத்தில் மாஸ்டரின் பெருமூச்சு. மின்விசிறியின் கிரீச். தெருவில் ஒரு ஸ்கூட்டர். அவளுக்குப் பக்கத்தில், உள்ளறையில், ஒரு சின்ன 'டக்'. தாழ்ப்பாள்.

மின்விசிறி இன்னும் கொஞ்சம் சுற்றியது.

"போச்சு!" என்றது கூடம். "பாத்தியாம்மா? ஃப்ரிட்ஜும் இல்ல, ஒண்ணும் இல்ல! அவரேதான்! மறுபடியும் ராணிய வெட்டப் போனேன், மறுபடியும் அமுக்கிட்டாரு!"

"ஃப்ரிட்ஜ் நிரபராதி சார், மாட்டிடுங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, அக்கா உள்ளறைக் கதவில் காதை வைத்தாள்.

உள்ளே மருமகள் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். "அப்பா, ப்ளீஸ்ப்பா, ஒரே ஒரு ஆட்டம் தோத்துடுங்கப்பா. உங்க பொண்ணுக்காகப்பா."

தொலைபேசியிலிருந்து தகப்பனாரின் ஆற்றாமை, சாத்திய கதவையும் தாண்டி வந்தது. "தோக்கத்தானேம்மா பாக்கறேன்! ராணிய கொண்டு போய் அவரு வாய்க்குள்ளயே வச்சுட்டேன். தின்னவே மாட்டேங்கறாரே! நான் என்ன பண்ண, ஊட்டியா விட முடியும்?"

அக்கா கதவைத் தட்டினாள். மருமகள் அவசரமாகப் போனை மறைத்துக்கொண்டு திறந்தாள். அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை கதவின் கீல் பக்கத்து இடுக்கில் நின்றது. ஜன்னல் வழியாக உள்ளே வந்த மெல்லிய வெள்ளை வயர், சுவரோரமாகத் தரையில் ஓடி, அந்த இடுக்குக்குள் நுழைந்து, நடைவழியைத் தாண்டிக் கூடத்து மோடத்துக்குப் போயிற்று. அக்கா மெத்தை இல்லாமலேயே மண்டியிட்டாள்.

"இத இங்க விட்டது யாரு கண்ணு?"

"மாமாதான். முன்னாடி சுவர்ல ஆணி அடிச்சு மேல போயிருந்துச்சாம். கல்யாணத்துக்கு வீடு பூரா பெயிண்ட் அடிச்சாங்க. புதுப் பெயிண்ட்ல ஆணி அடிக்க விடமாட்டேன்னு மாமாவே கழட்டிக் கீழ இழுத்துட்டாரு."

"இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? கண்ணாடி. உங்க வீட்டுக்காரர் விக்கற சரக்குதான், ஆனா தலைமுடி கனம். இத வளைச்சா பொறுத்துக்கும். மடக்கினா மூச்சு நின்னுடும்."

அதற்குள் திறந்த கதவு தன் வேலையைச் செய்திருந்தது. மோடம் நிதானமாக மூச்சு வாங்கி எழ, கூடத்திலிருந்து, "வந்துருச்சு!" என்று கேட்டது. அக்கா எழுந்தாள். கதவை மெல்லச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். டக். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போச்சு!"

மருமகள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். காது மட்டும் வெளியே தெரிந்தது. அது செக்கச் செவேலென்று இருந்தது.

"எப்பலேருந்து கண்ணு?"

"கல்யாணம் ஆனதுலேருந்து" என்றது பொத்திய முகம்.

"உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சுக்கா. அவரு மதியம் கடைய சாத்திட்டு சாப்பிட வருவாரு. சாப்பிட்டுட்டு நாங்க கதவ சாத்தினா, கொஞ்ச நேரத்துல மாமா 'போச்சு'ன்னு கத்துவாரு. முதல்ல எங்களத்தான் சொல்றாருன்னு நினைச்சோம்."

அக்கா சட்டைக் காலரைப் பிடித்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. ஒருவழியாக அடக்கிக்கொண்டு, தொழில் முறையில் கேட்டாள். "உங்க போன்லயும் அதே நேரம் நெட் போயிருக்குமே. பாக்கலையா?"

"அப்ப நாங்க போன் பாக்கறதில்லக்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்து தலையணையில் முகம் புதைத்துக்கொண்டாள்.

"ராத்திரியில போகலையா?" என்று தலையணையைக் கேட்டாள் அக்கா.

"மாமா தூங்கப் போறப்ப எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டுத்தான் போவாரு" என்றது தலையணை. பிறகு நிமிர்ந்தது. சிரிப்பெல்லாம் போய், கண்ணில் நீர் முட்டி நின்றது. "எப்படிக்கா சொல்றது? சொன்னா எங்க மானம் போகும். சொல்லாட்டி எங்கப்பா மானம் போகுது. அவரு ஒரு நாளும் யாரையும் ஏமாத்தினதில்லக்கா. பிறந்தநாள் அன்னைக்கு வாசலப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருப்பாரு."

இரண்டு குடும்பங்களின் உறவு ஒரு மயிரிழையில் ஊசலாடியது. அந்த மயிரிழை கண்ணாடியால் ஆனது, அதன் கழுத்தை ஒரு கதவு நெரித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது. கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவி, அதன் பின்புறத்தால் கண்ணோரம் துடைத்துக்கொண்டாள். "அழாத கண்ணு. கதவ சாத்தறது கொலைக்குத்தம் இல்ல. நான் பாத்துக்கறேன். என்னன்னு மட்டும் சொல்றேன். யாருன்னு என் வாயிலேருந்து வராது."

கூடத்துக்குப் போய், நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்தாள்.

"சார், ஃபவுல் நடந்திருக்கு."

மாஸ்டர் துள்ளி எழுந்தார். "சொன்னேனா இல்லையா! அந்த மனுஷனோட பட்டன்..."

"ஆட்டக்காரர் மேல தப்பில்ல சார். மைதானம் சரியில்ல."

"மைதானமா?"

"நீங்க எத்தனையோ ஆட்டத்துக்கு நடுவரா நின்னவரு. உங்களுக்கு நான் சொல்லணுமா? மைதானத்துல ஒரு பள்ளம். கோல் போட ஓடறவன் கால் அதுல மாட்டிக்கிட்டு விழுந்துட்டான். எதிராளிக்கா சார் விசில் ஊதுவீங்க?"

"அதெப்படி ஊதுவேன்? ஆட்டத்த நிறுத்துவேன். பள்ளத்த மூடச் சொல்வேன்."

"அதுவரைக்கும் ஆடினது?"

"செல்லாது!" மாஸ்டரின் கை தானாக உயர்ந்தது. "மைதானம் சரியில்லாட்டி ஆட்டம் ரத்து. யாருக்கும் வெற்றி இல்ல, தோல்வி இல்ல. என் மைதானத்துல விதி அதான்."

"அப்ப தீர்ப்ப நீங்களே சொல்லிட்டீங்க. பள்ளம் அந்த ரூம் கதவிடுக்குல இருக்கு. வயர் அதுல மாட்டிக்கிட்டு நசுங்குது."

"கதவிடுக்குலயா? எந்த மடையன் வயர அங்க கொண்டு போய் விட்டது?"

அறை வாசலில் வந்து நின்ற மருமகள் மின்விசிறியை ஆராயத் தொடங்கினாள். அக்கா தன் நகங்களை. மாஸ்டர் ஒரு முறை வயரைப் பார்த்தார், ஒரு முறை ஆணி படாத புதுச் சுவரைப் பார்த்தார்.

"பெயிண்ட் புதுசு..." என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு இடிக்குதே. அந்தக் கதவு பொழுதுக்கும் திறந்துதானே கிடக்கு? மதியத்துல மட்டும் அதென்ன, கரெக்டா நான் ஆடற நேரம் பாத்து, அந்தக் கதவ..."

வாக்கியம் பாதியில் நின்றது.

மருமகள் கதவு நிலைக்குப் பின்னால் மறைந்தாள். அக்கா திடீரென்று பெரும் அக்கறையோடு ஒரு வயர்த் துண்டைச் சுருட்ட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வரிசையில் எவன் என்ன செய்கிறான் என்று முதுகாலேயே கண்டுபிடித்தவர் மாஸ்டர். அவர் பார்வை கதவுக்குப் போயிற்று. கடிகாரத்துக்குப் போயிற்று. செருப்பு ஸ்டாண்டில் மகனின் காலி இடத்துக்குப் போயிற்று. அங்கிருந்து எங்கே போவது என்று தெரியாமல் கூரைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கழுத்திலிருந்து ஒரு சிவப்பு கிளம்பிக் காதுவரை ஏறியது. ஆயுளில் முதல்முறையாக மாஸ்டர் ஒரு விசிலை முழுங்கினார். முழுங்கியது தொண்டையில் மாட்டி, நீண்ட இருமலாக வெளியே வந்தது.

"ஏம்மா" என்றார் இருமல் ஓய்ந்ததும், கூரையையே பார்த்துக்கொண்டு. "டிரில் கொண்டாந்திருக்கியா?"

"இருக்கு சார். ஆனா சுவர்ல ஓட்டை விழும். புதுப் பெயிண்ட்டு..."

"பெயிண்ட் கிடக்குது போ! போடும்மா ஓட்டைய! வேணும்னா ரெண்டா போடு!"

அடுத்த நிமிடமே அந்த வீடு அதிர்ந்தது. அக்கா நாற்காலியில் ஏறி நின்று, டிரில்லை மார்போடு அணைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைத் துளைத்தாள். வெளிர்மஞ்சள் பெயிண்ட் பூவாகக் கொட்டியது. அந்த இரைச்சலை மீறி மாஸ்டர் தொலைபேசியில் அறிவித்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி! நான்தான் பேசறேன்! ஒரு முக்கியமான முடிவு! இதுவரைக்கும் ஆடின ஆட்டம் எல்லாம் ரத்து!"

"ரத்தா?" என்றது மறுமுனை.

"மைதானம் சரியில்ல! எங்க பக்கத்து மைதானம்! அதுல... அது வந்து... பராமரிப்பு சரியில்ல! நான்தான் பொறுப்பு!"

"அப்ப நான் ஜெயிச்சது?"

"அதுவும் ரத்து!"

"சம்பந்தி, நியாயமா ஜெயிச்சது ஒண்ணு ரெண்டு இருந்துச்சே! அந்தக் குதிரை ஆட்டம்!"

"எல்லாம் ரத்துதான்! விதின்னா விதி!" டிரில் நின்றது. வீட்டில் சட்டென்று ஓர் அமைதி. அந்த அமைதியில் மாஸ்டரின் குரல் தன் உயரத்திலிருந்து இறங்கி வந்தது. "சம்பந்தி... அன்னைக்கு நான் பேசினது. நடுவர் அவசரப்பட்டு தப்பா விசில் ஊதிட்டான். மனசுல வச்சுக்காதீங்க."

மறுமுனையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஞாயித்துக்கிழம நாங்க மூணு பேரும் வரோம். பலகைய எடுத்துக்கிட்டு வரேன். நேருக்கு நேர் உட்காருவோம். வயரும் கிடையாது, கியரும் கிடையாது. ராணிய காப்பாத்த முடியுதா பாருங்க!"

அறைக்குள் மருமகள் அழ ஆரம்பித்தாள். நாற்காலியின் மேல் அக்காவும் அழுதாள், தாராளமாகவே. "தூசி சார், சுவர்த் தூசி" என்று விளக்கம் கொடுத்தாள். மாஸ்டரும் தனக்கும் கொஞ்சம் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

வயர் புது ஓட்டை வழியாகச் சுவருக்குள் நுழைந்து, கதவோடு ஒட்டு உறவு இல்லாமல் மேலேறி, மோடத்தைப் போய்ச் சேர்ந்தபோது, மகன் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தான். முகமெல்லாம் மஞ்சள் தூளோடு ஒரு பெண் நாற்காலியிலிருந்து இறங்குவதையும், அப்பா என்றைக்கும் இல்லாமல் தன்னைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்புவதையும், மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடுவதையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னப்பா பிரச்சினை? கண்டுபிடிச்சாங்களா?"

"மைதானம்" என்றார் மாஸ்டர் சுருக்கமாக. "போ, கைய கழுவிட்டு சாப்பிடு."

அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா தரையைக் கூட்டினாள், சாமான்களைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். மாஸ்டர் திரையின் முன்னால் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பயிற்சி என்று சம்பந்தியோடு புது ஆட்டம் தொடங்கினார். அக்கா மகனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வயருக்காகக் கட்டில இழுத்துப் போட்டேன். ரெண்டு பேருமா சேர்ந்து பழைய இடத்துல தள்ளி வச்சுடுங்க. ஒரு ஆளால ஆகாது."

மகன் உள்ளே போனான். மருமகள் அங்கேதான் இருந்தாள். கட்டில் ஒரு முறை முனகி நகர்ந்தது.

"சார், கடைசியா ஒரு டெஸ்ட்" என்று அறிவித்துவிட்டு, அக்கா அந்த அறைக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள். உள்ளே, "அக்கா!" என்று ஒரு சின்ன அலறல் எழுந்து, சிரிப்பாக மாறி, அமுங்கிப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, டக்.

மாஸ்டரின் தோள்கள் விறைத்தன. அக்கா மோடத்தையே பார்த்தாள். பச்சை, பச்சையாகவே நின்றது. மின்விசிறி சுற்றியது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். மாஸ்டர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல், மிகுந்த கவனத்தோடு, ஒரு யானையை நேராக நகர்த்தினார்.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நிறுவனம் கொடுத்த இரும்பு முனை பூட்ஸ் இரண்டும் அங்கே கிடந்தன. நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் பூட்ஸ். அவற்றைக் காலில் போடாமல், குனிந்து கையில் எடுத்துக்கொண்டாள். வெறுங்காலோடு வெளியே இறங்கி, வாசல் கதவின் தாழ்ப்பாள் நாக்கை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடி, துளி ஓசை இல்லாமல் சாத்தினாள்.